கோத்தகிரியில் வைத்து ஓட்ட பழைய ஹிமாலயன் 411 வாங்கலாமா?

கோத்தகிரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோத்தகிரி, வயது 39. பதினோரு வருடமாக ஒரு 100 சிசி வண்டி வைத்திருக்கிறேன். தினமும் குன்னூருக்கு வேலைக்குப் போய்வர அது போதும், ராத்திரி முழுக்க உறைபனியில் நின்றாலும் இரண்டு உதையில் கிளம்பிவிடும். ஆனால் நானும் மனைவியும் மலையை விட்டு இறங்கி நீண்ட தூரம் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் தனுஷ்கோடி. சின்ன வயதில் அவளுடைய அப்பா அவளை அங்கே கூட்டிப் போயிருக்கிறார், அப்போது ரோடு கிடையாது, மணலில் வேனில்தான் போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு அவள் போனதில்லை. பஸ்ஸில் போகலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். பைக்கில் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை, எனக்கும் அதுதான்.

புது வண்டிக்குக் கையில் பணம் இல்லை. கோவையில் பழைய வண்டி விற்கும் ஒரு கடையில் 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 (411 சிசி டூரிங் பைக்) ஒன்று பார்த்தேன். 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இரண்டு கை மாறியது, டிஎன் 66 (கோவை) நம்பர், 1,20,000 சொல்கிறார்கள். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, அதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்தேன். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், இரண்டு காலும் வைத்தால் முன்பாதம்தான் தரையைத் தொடுகிறது. கடைக்காரர் "பழகிவிடும்" என்றார்.

41,000 ஓடிய இன்ஜினை நம்பலாமா? மலை ஏறினால் இழுவை எவ்வளவு குறையும்? எங்கள் தெருவே ஒரு செங்குத்துச் சரிவு, அதில் 190 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியை தினமும் ஏற்றி இறக்க முடியுமா? மலையில் வைத்து ஓட்டுகிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும், சமவெளியில் ஓட்டுகிற நண்பர்கள் எல்லோரும் "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்றே சொல்கிறார்கள்.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்

தம்பி, நான் மேட்டுப்பாளையத்தில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக். மேலே போகிற வண்டியும் மேலிருந்து இறங்குகிற வண்டியும் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

41,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 24 குதிரைத்திறன் மட்டும் தருகிற நீள ஸ்ட்ரோக் இன்ஜின், கசக்கிப் பிழியாமல் ஓடும், ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் இன்னும் நிறைய ஓடும். எவ்வளவு ஓடியது என்பதை விட எங்கே ஓடியது என்று கேளுங்கள். பில் இருந்தால் வாங்கிப் பாருங்கள், சர்வீஸ் எந்த ஊரில் நடந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பழைய ஓனர் சென்னைக்காரர் என்றால் 2023 டிசம்பர் வெள்ளம், கேரளத்து ஆள் என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளம், இரண்டையும் ஞாபகத்தில் வையுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடித்து விற்பார்கள். சீட்டைக் கழற்றி ஒயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா, ஹெட்லைட் கூட்டுக்குள் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் அல்ல, பிரேக். மாதம் நாலைந்து பேராவது என் கடைக்கு வருகிறார்கள், "பர்லியார் வரைக்கும் பிரேக் நன்றாகத்தான் இருந்தது அண்ணா, அதற்குக் கீழே லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது" என்று முகம் வெளுத்துப்போய் நிற்பார்கள். பேட் பாதிக்கு மேல் இருக்கும், டிஸ்க்கும் நன்றாக இருக்கும். கெட்டுப்போயிருப்பது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், டப்பாவை மூடியே வைத்திருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். புது ஆயில் 230 டிகிரியில்தான் கொதிக்கும், தண்ணீர் ஏறிய ஆயிலுக்கு அது 155 வரை இறங்கிவிடும். சமவெளியில் அவ்வளவு சூடு ஏறாததால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. மலை இறங்கும்போது விடாமல் பிரேக்கைப் பிடித்தால் காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) ஆயில் கொதித்துக் குமிழி வரும், அதன் பிறகு நீங்கள் அழுத்துவது குமிழியைத்தான், பேடை அல்ல. ஹேண்டில்பாரில் இருக்கிற டப்பாவின் கண்ணாடி வழியாகப் பாருங்கள், தேன் நிறத்துக்கு மேல் கருத்திருந்தால் யாரும் மாற்றவில்லை என்று அர்த்தம். வாங்கின அன்றைக்கே முன்னும் பின்னும் மாற்றிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங். இந்த வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இருப்பது வசதி. அதைப் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குங்கள். ஹேண்டிலை இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. பள்ளத்தில் விட்டு விட்டு ஓட்டிய வண்டிகளில் இது நடக்கும், எந்தக் கம்பெனி வண்டியும் விலக்கல்ல. நேர் ரோட்டில் இது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், நீங்கள் உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். மாற்றினால் பெரிய செலவு இல்லை, ஆனால் விலை பேச உதவும்.

கிளட்ச் சரிவில் மட்டும்தான் உண்மை பேசும். மூன்றாம் கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்புங்கள், சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் போய்விட்டது. அதனால் கடை வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், மலையடிவாரத்தில் இருக்கிற கல்லாறு வரை கொண்டுவந்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். காலையில் நீங்கள் போவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயர் கல்லாக இறுகியிருக்கும், நம் ஊர் ஈர ரோட்டில் பிடிக்காது. இன்னொன்று, 2018 மாடலில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிற வண்டியும் உண்டு, இல்லாததும் உண்டு, அந்த வருடப் பின்பாதியில்தான் வந்தது. முன்சக்கர டிஸ்க் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட வளையம் இருந்தால் ஏபிஎஸ் உள்ளது. இல்லாத வண்டிக்கு 1,20,000 கொடுக்க மாட்டேன்.

தொட்டபெட்டா தூறல்

நான் இதே எடையில் ஒரு பழைய டூரிங் வண்டி வாங்கி, இரண்டு வருடம் வைத்திருந்து விற்றவன். உங்கள் மூன்றாவது கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

முதலில் இழுவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு போலத்தான். காற்று குறைந்தால் எரிவதும் குறையும், 24 குதிரைத்திறன் வண்டி இங்கே 19 போல இழுக்கும். கோத்தகிரி இதை விடக் கொஞ்சம் கீழே என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. 2018 வண்டி எஃப்ஐ (பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்), பெட்ரோல் அளவைக் காற்றுக்குத் தகுந்தபடி தானாகக் குறைத்துக்கொள்ளும், கார்புரேட்டர் வண்டி போல அடைத்துக்கொண்டு கருப்பாகப் புகைக்காது. போன இழுவையை எஃப்ஐயாலும் திருப்பித் தர முடியாது. இரண்டு பேரும் சாமானும் ஏறினால் பர்லியாருக்கு மேலே இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும்தான், அவசரம் இல்லாதவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

குறை வண்டி நிற்கும்போதுதான். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, பதினைந்தடி சிமெண்ட் சரிவில் இறங்க வேண்டும். ஒரு ஜூலை மாதச் சாயங்காலம், மழை, கை விறைத்துப்போய் வந்தவன் யோசிக்காமல் முன்சக்கரம் கீழே பார்க்க அப்படியே இறக்கி, சுவரோரம் நிறுத்திவிட்டேன். காலையில் பின்னால் இழுக்க முடியவில்லை. பாசி பிடித்த சிமெண்ட், ஏறக்குறைய 200 கிலோ, நான் ஒருவன். இழுத்தபோது கால் வழுக்கி வண்டி என் மேல் சாய்ந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. நாலு மாதம் வண்டியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு ஓட்டும்போது பயம் இல்லை, நிறுத்தும் இடம் நெருங்க நெருங்கத்தான் பயம் வந்தது. எங்கே போனாலும் அங்கே சரிவு எப்படி இருக்கும் என்பதே நினைப்பாக இருந்தது. கடைசியில் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று வீட்டில் யாரோடும் பேசவில்லை.

அதனால் என் கருத்து: மலையிலேயே குடியிருந்து வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் தூரம் போகிறவருக்கு 150, 200 சிசியில் 150 கிலோவுக்குள் ஒரு வண்டி போதும். தனுஷ்கோடிக்கு அதுவும் போகும். உங்கள் தெரு செங்குத்து என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அருவங்காடு அக்கா

தொட்டபெட்டா அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, ஆனாலும் கோத்தகிரி அண்ணனை வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். 28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கிய 411, இப்போது 67,000 தாண்டிவிட்டது, வீடு அருவங்காட்டில் ஒரு மேட்டின் மேல்.

சீட் உயரம் 800 மில்லிமீட்டர், இரண்டு காலையும் ஊன்ற முயற்சி செய்தால்தான் நம் உயரத்துக்கு ஆட்டம் காணும். நிறுத்தும்போது இடது கால் மட்டும் தரையில் முழுப் பாதமாக, வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். சரிவில் இரண்டு காலையும் கீழே விட்டால் பின் பிரேக்கைப் பிடிக்க ஆள் இல்லை, வண்டி உருள ஆரம்பித்துவிடும். இதை மட்டும் ஒரு வாரம் வெறும் மைதானத்தில் பழகினேன். அப்புறம் முன்சக்கரம் எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், முதல் கியரில், சைடு ஸ்டாண்ட் இறக்கத்துப் பக்கம் படாமல். நான் வீட்டுக்கு வந்தால் முதலில் ரோட்டிலேயே நின்று, எப்படித் திரும்பி எப்படிக் கிளம்புவேன் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். இடம் சரியில்லை என்றால் ரோட்டு மேலேயே நிறுத்திவிட்டு நடந்து போவேன். அண்ணா, உங்கள் தெருவில் மேட்டைப் பார்த்து நிறுத்த ஒரு இடம் இருக்கிறதா? அந்த ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் தொட்டபெட்டா அண்ணன் சொன்னதைக் கேளுங்கள். இருக்கிறது என்றால் எடை ஒரு பிரச்சனை இல்லை. ஓட ஆரம்பித்த பிறகு அந்த எடையே மேட்டுப்பாளையம் தாண்டிய எதிர்காற்றில் நம்மைப் பிடித்து வைக்கும்.

கொண்டை ஊசியில் திரும்ப, இரண்டாம் கியரில் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே பின் பிரேக்கை லேசாக அழுத்திப் பிடியுங்கள், வண்டி கயிறு கட்டியது போல நிதானமாகத் திரும்பும். கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும், முன்சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவோம். மேலே இருந்து பஸ் வருகிறது என்றால் வளைவுக்குள் போகாமல் கீழேயே நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது சட்டம்தான், ஆனால் பஸ்ஸுக்கு அந்த வளைவில் முழு அகலமும் வேண்டும்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கினால் ஸ்பேனர் அண்ணன் சொன்ன கொதிக்கிற கதையே வராது. மனைவி பின்னால் உட்காரும்போது மோனோ ஷாக்கின் (பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர்) ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங் இறுக்கத்தை, கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும்.

இந்த வண்டியில் ஸ்போக் வீல், உள்ளே டியூப். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன்சக்கரம் 21 அங்குலம், அந்த டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு டியூப், டயர் கழற்ற இரண்டு லிவர், ஒரு பம்ப், இவை பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். வீட்டு வாசலில் ஒரு முறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள், முதல் தடவை எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் "எல்லாம் கிளியர்" என்பார். ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால் அது நீங்கும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள், பைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவற்றில் வெறும் கையெழுத்து வாங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள். இன்சூரன்ஸை பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதைச் சேர்த்து விலை சொன்னால் நம்ப வேண்டாம். மீதமிருக்கும் அபராதச் சலான்களையும் அவரையே கட்டச் சொல்லுங்கள்.

டிஎன் 66 என்பதையும் யோசித்து வையுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்குவதால் நம்பர் மாறாது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சொந்த ஊருக்கு வர இ-பாஸ் காட்டுவது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். கல்லட்டி மலைப்பாதையிலும் அப்படித்தான், அந்த 36 வளைவில் மசினகுடிக்கு இறங்க வெளி நம்பர் வண்டியை விடுவதில்லை. இதே மாடல் டிஎன் 43 நம்பரில் கிடைத்தால் ஐயாயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

தொட்டபெட்டா தூறல்

மேட்டைப் பார்த்து நிறுத்த இடம் இருக்கிறதா என்ற கேள்வியை ஆறு வருடத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டும். சரி, அதற்குப் பதில் பார்த்து முடிவு செய்யுங்கள் கோத்தகிரி நண்பரே. நான் வேண்டாம் என்று சொன்னதை அந்த நிபந்தனையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்காரன்

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் தெருவைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் மேட்டைப் பார்த்து நிறுத்த வழியே இல்லை. ஆனால் தெருமுனையில், ரோட்டு மட்டத்தில், அத்தை வீட்டு முன்னால் சமதளமாக ஒரு இடம் உண்டு. கேட்டதும் கொடுத்துவிட்டார், தகரக் கூரை நானே போட்டுக்கொண்டேன். வீட்டிலிருந்து தொண்ணூறு படி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோவை வண்டியை வாங்கவில்லை. ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தது, ஒரு மாதத்தில் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். ஏபிஎஸ் இல்லை. முன் டயர் 2017-இல் வந்தது, அதாவது வண்டியோடு வந்த டயராகவே இருக்க வேண்டும். கல்லாறு வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. வெளியே வரும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, அந்தப் பளபளப்பு கண்ணிலேயே நின்றது.

பிறகு குன்னூரில் ஒருவர் மூலமாக 2019 வண்டி ஒன்று வந்தது. டிஎன் 43 நம்பர், ஏபிஎஸ் உண்டு, 52,000 ஓடியது. பெயிண்ட் மங்கல், டேங்கில் ஒரு நசுங்கல். ஓனர் வெளிநாடு போகிறார், வாங்கின நாள் முதல் எல்லா பில்லும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அவரே என்னைப் பின்னால் உட்கார வைத்து காட்டேரி வரை இறங்கி, திரும்பி என்னை ஓட்டச் சொன்னார். கிளட்ச் நன்றாக இருந்தது. கோன் செட் நடுவில் சிக்கியது, அதை அவரே ஒப்புக்கொண்டு 6,000 குறைத்தார். 1,18,000-க்கு முடிந்தது. ஸ்பேனர் அண்ணா, பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. அவ்வளவு கவனமாக வைத்திருந்தவரும் அதை மட்டும் மறந்திருக்கிறார்.

போன ஞாயிறு அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கே டிபன் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினோம், போக 33 கிலோமீட்டர், வர 33. குஞ்சப்பனைக்கு மேலே மூடுபனி, பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை ரோட்டோரம் நின்றது, இன்ஜினை அணைக்காமல் அப்படியே நின்றோம், இடது கால் தரையில், வலது கால் பிரேக்கில். அது போகும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போன பிறகு, "வண்டி இரண்டு பக்கமும் ஆடவே இல்லையே" என்றாள்.

தனுஷ்கோடி ஜனவரிக் கடைசியில், மழை விட்ட பிறகு. அவளுக்கு நல்ல ஹெல்மெட் வாங்க வேண்டும். சைஸ் எப்படிப் பார்ப்பது?

அருவங்காடு அக்கா

ரொம்ப சந்தோஷம் அண்ணா. புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே டேப்பைச் சுற்றி, பின்மண்டை எடுப்பாக இருக்கிற இடம் வழியாக அளந்துகொள்ளுங்கள், அந்தச் சென்டிமீட்டர்தான் சைஸ். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். போட்டதும் கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது. கடையிலேயே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. அண்ணியை நேரில் கூட்டிப் போய் வாங்குங்கள், அளவு சொல்லி ஆன்லைனில் வாங்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் கடைக்கு வாருங்கள் தம்பி. கோன் செட் மாற்றி 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும், செயினையும் பார்த்துவிடுகிறேன். தனுஷ்கோடியில் உப்புக்காற்று, மணல். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகும் முன்னால் நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி செயினுக்கு லூப் (செயின் ஆயில்) அடித்துவிடுங்கள்.